நான்காம் வேற்றுமையில் நான்

என் நெறியாளருக்குச் சிவப்பு மைப் பேனா என்றால் உயிர். ஆய்வேட்டின் முதல் இரண்டு இயல்களை அவரிடம் கொடுத்துவிட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப வாங்கியபோது, நான் எழுதியிருந்த ஒவ்வொரு ‘நான்’ மீதும் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. ‘நான் கருதுகிறேன்’ என்பது ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்று ஆகியிருந்தது. ‘எனக்குப் புரிந்தவரை’ என்பது முழுசாகவே அடிபட்டுப் போயிருந்தது. “ஆய்வேட்டுல நான், எனக்கு, என்னுடைய, இதெல்லாம் வரக்கூடாதும்மா. ஆணவமாத் தெரியும்” என்றார்.

என் தலைப்பைச் சொன்னால்தான் எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்று புரியும். என் தலைப்பே ‘நான்’தான். ஐரோப்பாவில் ஏறக்குறைய நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தத்துவவாதி, எதையெல்லாம் சந்தேகப்படலாமோ அதையெல்லாம் சந்தேகப்பட்டுப் பார்த்தார். கண்ணில் படுவது பொய்யாக இருக்கலாம், இந்த உடம்பே கனவாக இருக்கலாம்; ஆனால் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிற ஒருவன் இல்லாமல் போக முடியாது என்று அங்கே போய் நின்றார். சிந்திக்கிற அந்த ‘நான்’தான் தரை, மற்றதெல்லாம் அதன் மேல் எழுப்பிய கட்டடம். முந்நூறு வருஷம் கழித்து வந்த தோற்றப்பாட்டியல்காரர்கள் முதலில் அவரைக் கும்பிட்டார்கள், பிறகு அவரோடு சண்டைக்கு நின்றார்கள். வழி சரியாகத்தான் காட்டினீர்கள், ஆனால் அந்த நானைப் பிடித்து ஒரு பொருளாக்கித் தனியாகப் பூட்டிவிட்டீர்களே என்பது அவர்கள் புகார். பொருள்கள் யாருக்கோ எப்படியோ தோன்றுகின்றன, அந்தத் தோன்றுவதை முதலில் கவனியுங்கள் என்றார்கள். இந்தச் சண்டையைத் தமிழில் எழுதுவதற்காகத்தான் நான் பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தேன். நானைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதலாம், அதில் நான் மட்டும் வரக்கூடாது.

நெறியாளர் சின்ன காஞ்சிபுரத்துக்காரர். பேசுவதற்கு மைக்கைக் கையில் வாங்கினால் தன்னை ‘அடியேன்’ என்றுதான் சொல்லிக்கொள்வார். அவர் தெருவில் பெருமாளை நினைத்து அந்தச் சொல்லை மனசாரச் சொல்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். இவர் சொல்லும்போது மட்டும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். கல்லூரியில் எந்தப் பொன்னாடையும் எந்தத் தலைமை நாற்காலியும் அடியேனைத் தாண்டிப் போனதாக எனக்கு நினைவில்லை. நான் அதே கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன், அதனால் வாயை மூடிக்கொண்டு சிவப்புக் கோடுகளையெல்லாம் வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் வேறு ஒரு ஆள் இருந்தாள். என் கணவரின் அக்கா. நேரில் அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். மனசுக்குள் எப்போதும் ‘அவள்’தான், அதனால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டு நெய்கிற குடும்பம் அது. கல்யாணம் ஒத்துவராமல் தாய்வீட்டுக்கே திரும்பி வந்து, அப்பாவின் தறியில் உட்கார்ந்தவள் அவள். நான் தாமல் ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பேத்தி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற குடும்பம். காதல் கல்யாணம். வந்த முதல் வாரமே, “தறி மேல கை வெக்காத” என்று சொல்லிவிட்டாள். பட்டில் கறை படும் என்று ஒரு காரணமும் சொன்னாள், உண்மைக் காரணம் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். என் கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர். “ரெண்டு பேரும் என்ன விட்டுடுங்கப்பா” என்பதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

என் மேசைக்கு வேறு இடம் இல்லாததால் தறி இருந்த கூடத்திலேயே ஒரு மூலையில் போட்டிருந்தேன். அவள் குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்வாள், நான் படிப்பேன். மணிக்கணக்கில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க மாட்டோம். ஒரு காலை நேரம், தறிச் சத்தம் சடாரென்று நின்றது. அவள் எதையும் உற்றுப் பார்க்கவில்லை, கண் ஜன்னல் பக்கம்தான் இருந்தது. நேராக இடது ஓரம் குனிந்து, பாவில் ஆயிரக்கணக்கில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளில் அறுந்துபோன ஒற்றை இழையை எடுத்து முடிந்தாள். நான் அசந்துபோனேன். “எப்படி அண்ணி தெரிஞ்சது? நீங்க பாக்கவே இல்லையே. என்ன நெனச்சு நிறுத்துனீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“நா எங்கடி நெனச்சேன்? ஒன்ன மாதிரி நெனச்சுக்கினு ஒக்காந்திருந்தா பொடவ எவ நெய்யுறது? தோணுது, நிறுத்துறேன். கைக்குத் தெரியுது. எனக்கே அப்புறமாதான் தெரியுது. இதெல்லாம் ஒரு கேள்வின்னு கேட்டுக்கினு நிக்கிற. போ, அடுப்புல இன்னா தீயுதுன்னு பாரு.”

அடுப்பில் நிஜமாகவே கத்தரிக்காய் தீய்ந்துகொண்டிருந்தது. நான் போகவில்லை. கையில் இருந்த புத்தகத்தின் பின்னட்டையில் அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். கைக்குத் தெரியுது, எனக்கே அப்புறமாதான் தெரியுது. கத்தரிக்காய் கரியாகிவிட்டது, அதற்கும் சேர்த்து மத்தியானம்வரை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் இயல் அதிலிருந்து வந்தது. ‘நான் சந்தேகிக்கிறேன்’ என்று எங்கள் ஊரில் ஒருத்தரும் பேசுவதில்லை. ‘எனக்குச் சந்தேகமா இருக்குது’ என்றுதான் சொல்கிறோம். அந்த வாக்கியத்தின் எழுவாய் சந்தேகம், நான் இல்லை. நான் ‘கு’ என்ற உருபைப் போட்டுக்கொண்டு நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறேன். எனக்குத் தெரியுது, எனக்குப் புரியுது, எனக்குப் பசிக்குது, எனக்கு வலிக்குது, எனக்குப் பிடிக்குது. நினைக்கிறேன் என்றும் சொல்கிறோம்தான், ஆனால் அடுப்படியிலும் தறிக்குழியிலும் உண்மையாக நடப்பதைச் சொல்லும்போது தோணுது என்றே வருகிறது. தோணுவதற்குச் செய்கிறவர் கிடையாது, யாருக்கு என்பது மட்டும் உண்டு. தோற்றப்பாட்டியல்காரர்கள் முட்டி மோதி, புதுப்புதுச் சொல் செய்து, அந்த முதல் தத்துவவாதியிடம் எதைச் சொல்லப் பார்த்தார்களோ அதை எங்கள் பேச்சு ஒரு உருபில் சொல்லிவிடுகிறது என்று எழுதினேன். நானை அவர் வாக்கியத்தின் முதலில் உட்காரவைத்ததுதான் கோளாறு, அதற்காக நானே இல்லை என்றும் ஆகிவிடாது, ‘எனக்கு’ என்பதை எடுத்துவிட்டால் தோன்றுவதும் நின்றுபோகும் என்று முடித்தேன். என் வாழ்க்கையில் ஒரு விஷயத்தை நானே கண்டுபிடித்தேன் என்று மார்தட்டிக்கொண்டது அந்த நாற்பது பக்கத்துக்காகத்தான்.

நெறியாளர் அதை நாலு மாதம் வைத்திருந்தார். பிறகு கூப்பிட்டு, “இலக்கணம் வேறம்மா, தத்துவம் வேற. இது ஒட்டாது, யோசிச்சுப் பாரு” என்றார். இந்தத் தடவை ஒரு சிவப்புக் கோடுகூட இல்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் கல்லூரியில் ஒரு கருத்தரங்கம். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, “அடியேனுக்கு ஒரு நாள் தோன்றியது” என்று ஆரம்பித்தார். ‘சந்தேகமா இருக்குது’ வந்தது. நான்காம் வேற்றுமை வந்தது. கடைசியில் தறியும் வந்தது. “எங்கள் ஊர் நெசவாளி ஒருவர், ஊடை அறுந்த மாத்திரத்தில், பார்க்காமலேயே தறியை நிறுத்திவிடுகிறார்” என்றார். ஊடை என்பது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற நாடாக் கட்டையிலிருந்து குறுக்கே ஓடுகிற இழை. அது அறுந்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் தெரியும். அறுந்தது பாவு இழை என்று நான் தெளிவாக எழுதியிருந்தேன். திருடினதுதான் திருடினார், அதையாவது பார்த்துத் திருடக் கூடாதா. எல்லாரும் கை தட்டினார்கள், பக்கத்தில் இருந்தவர் பார்த்துக்கொண்டிருந்ததால் நானும் தட்டினேன். அந்தக் கைத்தட்டலை நினைத்தால் இன்றும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

அது கட்டுரையாகக் கல்லூரி இதழில் அச்சாகி வந்த அன்றைக்கு அவர் அறைக்குப் போனேன். இதழை மேசையில் வைத்துக் கேட்டுவிட்டேன். “சார், இது என்னுடைய மூணாவது இயல்.”

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “உன்னுதா? உன் இயல் என்னம்மா சொல்லுது? நினைக்கிறவன்னு ஒருத்தன் முன்னால நிக்கல, தோணுதுன்னுதானே? செய்யுறவரே இல்லாத காரியத்துக்கு நீ எப்படிச் சொந்தக்காரி ஆவ?” என்றார்.

நான் அரைத்த அரைப்பையே எடுத்து என் முகத்தில் பூசுகிறார் மனுஷன். நானும் விடவில்லை. “செய்யுறவர் இல்ல சார், சரி. யாருக்குத் தோணுச்சுன்னு ஒண்ணு இருக்குதே. உங்களுக்குத் தோணலயே.”

“அதுக்கு என்ன அத்தாட்சி? நீ எழுதினதுலகூட ஆய்வாளர் கருதுகிறார்னுதான் இருக்கு. எந்த ஆய்வாளர்?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் சொல்லித்தான் நான் ஆய்வாளர் ஆனேன். அங்கேயே அந்தச் சிவப்பு மைப் பேனாவை எடுத்து ஒடித்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த இயல் என்னுடையது என்று யாராவது எழுத்தில் சொல்ல வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பட்டம்கூட இரண்டாம்பட்சமாகிவிட்டது. எங்கள் பக்கத்து ஆட்கள் செய்த வேலையெல்லாம் வேறு யாரோ செய்ததாகவே கணக்கில் ஏறியிருக்கிறது. இதுவும் அப்படிப் போகக் கூடாது என்று ஒரு வெறி. கல்லூரி ஆய்வுக் குழுவுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். யோசனை எனக்கு எங்கே, எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி வேண்டும். சாட்சி என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள், தறிக்குழியில்.

ரெண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அவளிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் கேட்டதும் நீங்கள் சொன்னதும் உண்மை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அவள் நாடாவை வைத்துவிட்டு, “இன்னா எழுதிக்கிற, படி” என்றாள்.

படித்தேன். நாற்பது பக்கமும் இல்லை, அவள் வருகிற பகுதியை மட்டும். ‘பட்டு நெசவில் ஈடுபட்டுள்ள களத் தகவலாளி ஒருவர் ஆய்வாளரிடம் அளித்த விவரத்தின்படி’ என்று தொடங்கியது.

“தகவலாளின்னா?”

“விவரம் சொன்னவங்க அண்ணி.”

“விவரமா? நா எங்க விவரம் சொன்னேன்? அன்னிக்கு நா ஒன்ன திட்டினேன்டி.”

என் கையில் இருந்த தாளைக் காட்டினாள். “அந்த ஆளு ஒங்கிட்ட கேக்காம எடுத்துக்கினான்னு வயிறு எரிஞ்சுக்கினு வந்து நிக்கிற. நீ எங்கிட்ட கேட்டியா?” என்றாள்.

“அவர் பண்ணது திருட்டு. நான் பண்ணது ஆராய்ச்சி.”

“ரெண்டுக்கும் இன்னா வித்தியாசம், சொல்லேன்.”

வித்தியாசம் இருந்தது, நிச்சயமாக இருந்தது. அவள் சொன்னது நாலு வாக்கியம். வேற்றுமை உருபும் ஐரோப்பாவும் அவர்கள் முந்நூறு வருஷச் சண்டையும் அவளுக்கு எங்கே தெரியும், அதெல்லாம் நான் ராப்பகலாகப் படித்துக் கோத்தது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். நெறியாளரும் இதையேதான் சொல்லுவார், ஒரு மாணவியின் அரைகுறைக் குறிப்பைத் தத்துவமாக்கியது தான்தான் என்று. வாயை மூடிக்கொண்டேன். அவள் மேல் அந்த நிமிஷம் எனக்கு வந்த வெறுப்பு, நெறியாளர் மேல்கூட வந்ததில்லை.

“என்னுதுன்னு நீ எழுதினா நா கையெழுத்து போட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மறுபடியும் நெய்ய ஆரம்பித்தாள்.

புகாரைத் திருத்தி எழுதினேன். நல்ல மனசால் என்று யாரும் நினைக்க வேண்டாம். தினமும் விடிந்தால் அவள் முகத்தில் விழிக்க வேண்டுமே, அதுதான் காரணம். ‘இந்தச் சிந்தனை என் கணவரின் அக்காவுக்கு முதலில் தோன்றியது, அவர் என்னைத் திட்டியபோது அதைச் சொன்னார், அதைக் கேட்டதால் எனக்கு மற்றது தோன்றியது, நெறியாளருக்கு எதுவும் தோன்றவில்லை’ என்று எழுதினேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். இதை இப்படி எழுதினால் தோற்றுவிடுவேன் என்று உறையில் போடும்போதே எனக்குத் தெரியும்.

குழுவில் மூன்று பேர். நெறியாளரும் கூடவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னை நாலு கேள்வி கேட்டார்கள், அதில் மூன்று என் வருகைப் பதிவைப் பற்றியவை. பத்து நாளில் கடிதம் வந்தது. கருத்து தன்னுடையது அன்று என மனுதாரரே ஒப்புக்கொண்டிருப்பதால் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை. மேலும், அக்கருத்து தற்போது நெறியாளரின் பெயரில் அச்சில் வந்துவிட்டதால், மூன்றாம் இயலைச் சமர்ப்பிக்கும் பட்சத்தில் அக்கட்டுரையை மூலமாகக் குறிப்பிட்டு அடிக்குறிப்பு இட வேண்டும்.

அதாவது, என் வீட்டுக் கூடத்தில், என் கத்தரிக்காய் தீய்ந்த நேரத்தில் பிறந்ததற்கு, அடியேனுக்கு நன்றி சொல்லி அடிக்குறிப்புப் போட வேண்டும். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவள் கையெழுத்துப் போட்ட தாளைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மூன்றாம் இயலை எடுத்துவிட்டேன். நான்காவதை மூன்றாவதாக்கினேன், எண்ணெல்லாம் மாற்றினேன், ஒப்படைத்தேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், “இரண்டாவது இயலுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்கே” என்றார். நெறியாளர் என்னை முந்திக்கொண்டு, “சுருக்கமா இருக்கட்டும்னு அடியேன்தான் சொன்னேன்” என்றார். பட்டம் கிடைத்தது. தெருவில் டாக்டரம்மா என்று கூப்பிடுகிறார்கள், போன வாரம்கூட ஒரு அம்மா முட்டி வலிக்கு மருந்து கேட்டாள். அந்த ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது. அதில் தப்பு எதுவும் கிடையாது, எனக்குத் தோன்றியதும் எதுவும் கிடையாது.

பட்டம் வாங்கி ஒரு மாதம் இருக்கும். கூடத்தில் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் தறியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“அந்தத் தறி வர்ற பக்கத்தையெல்லாம் எடுத்துட்டியாமே. தம்பி சொல்லிச்சு.”

“ஆமா.”

“எதுக்கு?”

இதற்காகவே காத்திருந்தது போல எனக்குப் பொங்கியது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. “எதுக்கா? அது உங்களுதாச்சே. என்னுதுன்னு எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அவர் பேரப் போட்டு வெக்கிறதுக்கு எனக்கு மனசு வரல. உங்களுத உங்களுக்கே விட்டுட்டேன், போதுமா?”

தறிச் சத்தம் நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, இவளுக்கு இன்னும் விளங்கவில்லையே என்பது மாதிரி பார்த்தாள்.

“எனக்கு வேணும்னு நா எப்ப சொன்னேன்? அத வெச்சுக்கினு நா இன்னா பண்றது? நீ கேக்கலன்னுதான் சொன்னேன்.”

அவ்வளவுதான். நாடாவை எடுத்துக்கொண்டு நெய்யப் போய்விட்டாள். நான் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நாற்பது பக்கமும் மேசை இழுப்பறையில் அப்படியே கிடந்தன, இப்போதும் கிடக்கின்றன. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவற்றை என் பேரிலும் அவள் பேரிலும் எங்காவது அச்சுக்குக் கொடுத்துவிடலாம். மூன்று வருஷமாகிறது. அதே கூடத்தில், ஆறடி தூரத்தில், தினமும் உட்கார்ந்திருக்கிறோம். நான் இன்னும் கேட்கவில்லை.